வெளுக்க ஒரு கிறீம், கறுக்க ஒரு பெட்டி: நிறத்தை மாற்ற நினைப்பவர்கள் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

வைகாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று ஆளை வறுத்தெடுக்கும். ஆவணியில் கலியாணத்துக்கு நாள் வைத்த பிள்ளைகள் என் மருந்துக்கடைக்கு வரத் தொடங்குவதும் அப்போதுதான். களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். கடையில் ஆள் குறையும்வரை ஓரமாக நின்றாள். பிறகு கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

மூடியில் ஒரு வெள்ளைக்காரியின் படம். உள்ளே முத்துப்போல் மினுங்கும் இளமஞ்சள் கிறீம். என்னென்ன சேர்த்திருக்கிறது, எங்கே செய்தது, எப்போது பழுதாகும், ஒன்றும் இல்லை. அடியில் ஒரே ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில்: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்.

"அன்ரி, இது நல்லதா? மாமி வீட்டு ஆக்கள் எல்லாரும் வெள்ளை. மூணு மாசத்துக்குள்ள ஒரு பொதுநிறத்துக்காவது வரணும்."

"ஏன்கா தங்கத்தில படக்கூடாதாம்?"

"தெரியா அன்ரி. கடைக்காரன் சொல்லல்ல."

அதே கிழமை சுவிசிலிருந்து என் மச்சாள் மகள் போன் எடுத்தாள். இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி குறைவாம். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண், "சொலாரியத்துக்கு வா, பத்து நிமிசம் படுத்தால் சரி" என்று கூப்பிடுகிறாளாம். சொலாரியம் என்றால் புற ஊதா விளக்குப் பூட்டிய பெட்டிக்குள் படுத்துத் தோலைக் கறுக்க வைக்கும் இடம். போகலாமா என்று கேட்டாள். இங்கே ஒருத்தி கறுப்பைக் கழற்றப் பார்க்கிறாள். அங்கே காசு கொடுத்துக் கறுப்பை வாங்குகிறார்கள். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் மணலில் மல்லாந்து கிடக்கும் வெள்ளைக்காரரையும், அவர்களைத் தாண்டிக் குடை பிடித்துப் போகும் எங்கள் பிள்ளைகளையும் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. இரண்டு பேருக்கும் நான் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளில் தெரியும்?" அதை நான் கடைசியில்தான் வைப்பேன். முதலில் கேட்க வேண்டியவை நான்கு. தோலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? பூசுவதையோ போடுவதையோ நிறுத்தினால் என்ன ஆகும்? டப்பாவின் விலையைத் தவிர வேறென்ன செலவு? பிழையாகிப்போனால் பழைய இடத்துக்குத் திரும்பி வர முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று, மேற்கையின் உட்பக்கத்தை, அக்குளுக்குக் கிட்ட உள்ள வெயில் படாத இடத்தை, முகத்தோடு சேர்த்துப் பாருங்கள். அதுதான் உங்கள் சொந்த நிறம். முகத்துக்கும் அந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் வெயில் பூசிவிட்டது. அந்த வித்தியாசத்தைக் குறைக்கலாம். உட்கையின் நிறத்தையும் தாண்டி ஆரோக்கியமான தோலை வெளுக்கப் பாதுகாப்பான வழி எதுவும் இல்லை. நிறத்தை உண்டாக்கும் கலங்களின் எண்ணிக்கை வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தக் கலங்கள் செய்யும் மெலனின் பொதிகளின் அளவும் வகையும்தான் வேறு, அது பிறப்போடு வருவது.

அந்தப் பிள்ளையைக் கையைத் திருப்பச் சொன்னேன். முகத்தை விட உட்கை நன்றாகவே வெளிர்ந்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில் மட்டக்களப்பு ரவுனுக்கு வேலைக்குப் போய்வருகிறாள். "இவ்வளவும் வெயில் போட்டது மகள். இதைத்தான் நாம எடுக்கப்போறம்" என்றேன். மேசையில் இருந்த டப்பாவை அவளே கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

## பெயரில்லாத 'நைட் கிறீம்'

இப்படிப்பட்ட டப்பாக்களில் வழக்கமாக இருப்பவை மூன்று: பாதரசம், வலுவான ஸ்டீரொயிட், ஹைட்ரோகுவினோன். சிலதில் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

தங்கத்தில் படக்கூடாது என்று எழுதியிருந்தால் பாதரசத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பாதரசம் தங்கத்தோடு கலந்து அதை வெள்ளி நிறமாக்கிவிடும். தாலிக்கொடிக்கு ஆகாதென்று செய்தவனே எழுதிவைத்த சாமானைக் கழுத்துத் தோலுக்கு எப்படிப் பூசுவது? மெலனின் உண்டாக உதவும் நொதியைப் பாதரசம் தடுக்கிறது, அதனால் நிறம் குறைவது உண்மைதான். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகத் தொடங்கினால் புரதம் வெளியேறுகிறது என்று அர்த்தம். கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அது போகும், தாய்ப்பாலிலும் வரும். பூசியவளின் துவாயில் முகம் துடைத்தவருக்கும், அவள் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சிய குழந்தைக்கும்கூடப் போகும். கலியாணத்துக்காகப் பூசத் தொடங்குகிறவள் அடுத்த வருசம் பிள்ளை சுமக்கக் கூடியவள் என்பதால் இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை முதலில் அழகுசாதனங்களில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. 2023இல் கூடிய நாடுகள் அந்த எல்லையையும் எடுத்துவிட்டு, 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே இருக்கக்கூடாது என்று தீர்மானித்தன. அப்படியிருந்தும் டப்பா வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஸ்டீரொயிட் வேறு வகைக் கெட்டிக்காரன். குளோபெற்றசோல், பீற்றாமெதசோன் என்ற பெயர்களில் டொக்டர்மார் எக்சிமாவுக்கும் சொறியாசிசுக்கும் குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் நல்ல மருந்துதான். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் கதை மாறும். முதல் இரண்டு கிழமை பரு அடங்கும், முகம் வெளிறி மினுங்கும். "சூப்பர் கிறீம்" என்று மற்றவளுக்கும் சொல்லுவாள். மறுகா தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்பு ஓடி, பருவும் பூனைமுடியும் கூடும். நிறுத்தினால் முகம் சிவந்து நெருப்பாக எரியும். அந்த எரிச்சல் தாங்காமல் திரும்பப் பூசுவாள், எரிச்சல் அடங்கும். இந்தச் சுற்றுக்குள் வருசக்கணக்காக அகப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். கடைக்குள் வந்ததும் அவர்கள் முதலில் தேடுவது மின்விசிறி இருக்கும் இடத்தைத்தான்.

ஹைட்ரோகுவினோன், டொக்டர் அளவு சொல்லி, காலம் குறித்து, ஒரு படைக்குப் பூசத் தந்தால் உதவும். கணக்கில்லாமல் நெடுநாள் பூசினால் நீலம் கலந்த கறுப்பு படிந்துவிடும், அதை எடுப்பது மிகவும் கடினம். வெளுக்கப் போய்க் கறுத்த கதை என்றால் இதுதான்.

இந்த வழி யாருக்குப் பொருத்தம் என்றால், யாருக்குமில்லை.

## 'வெள்ளை ஊசி'

நிறம் வெளுக்கவென்று போடும் இந்த ஊசியில் இருப்பது குளூட்டாதயோன். எங்கள் உடம்பே செய்துகொள்ளும் பொருள், அதனால் தீங்கில்லை என்பார்கள். உடம்பு தன் கலங்களுக்குள் கொஞ்சங்கொஞ்சமாகச் செய்வதும், நரம்பு வழியாக ஒரே தடவையில் அள்ளி ஏற்றுவதும் ஒன்றல்ல. ஏற்றியது இரத்தத்தில் நெடுநேரம் தங்காது. அதனால்தான் பத்துத் தடவை, இருபது தடவை என்று 'பக்கேஜ்' போடுகிறார்கள், நிறுத்தினால் நிறம் திரும்புகிறது. நிறம் வெளுக்க இந்த ஊசியைப் போடக்கூடாது என்று பிலிப்பைன்ஸ் மருந்து அதிகாரசபை 2011இலேயே எச்சரித்தது. ஈரல், சிறுநீரகம், நரம்புகள் பாதிக்கப்படலாம், உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையும் வரலாம் என்பதுதான் காரணம். கூடவே ஏற்றும் அதிகளவு விற்றமின் சி, பிறப்பிலேயே ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மலேரியா நெடுங்காலம் இருந்த இடங்களில் அந்தக் குறைபாடு அரிதல்ல.

ஊசியைப் போடுவது யார், எங்கே வைத்து என்பதையும் பாருங்கள். அலங்கார நாற்காலியில் இருத்தி ஏற்றும் இடத்தில் மூச்சு அடைத்தால் கொடுக்க மருந்து இருக்குமா? ஒரு பெண்ணுக்குக் கையில் ஏற்றிய இடம் பழுத்து, கலியாணத்துக்கு நீளக்கைப் பிளவுஸ் தைக்க வேண்டி வந்தது. இது செலவு கூடிய வழி, அந்தச் செலவுக்கு முடிவும் கிடையாது.

## பிளீச், பேஷியல், தேசிக்காய்

பார்லர் பிளீச் முகத்துப் பூனைமுடியை வெளுக்கிறது, அதனால் முகம் தெளிந்த மாதிரித் தெரியும். சில நாளைக்கு அது போதுமென்றால் கிறீமையும் ஊசியையும் விட இது எவ்வளவோ மேல். எங்கள் நிறத் தோலுக்கு ஒரு குணம் இருக்கிறது: எங்கே எரிகிறதோ அங்கே கறுக்கும். ஒருமுறை பொசுங்கினால் அந்தத் தழும்பு மாறப் பல மாதமாகும். அதனால் புதிதாகச் செய்பவர்கள் கலியாணக் கிழமையில் தொடங்கவே கூடாது. இரண்டு மாதத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் சின்ன இடத்தில் பூசிப் பாருங்கள்.

தேசிக்காய் பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் சாற்றிலும் தோலிலும் உள்ள ஒரு பொருள் வெயிலில் உள்ள புற ஊதாக் (யூவி) கதிர்களில் ஒரு வகையான யூவிஏ பட்டால் தோலைச் சுடும். கொப்புளம் போட்டு, பிறகு கறுப்புக் கோடாக நிற்கும். தேசிக்காய் பூசிய முகத்தோடு முற்றத்தில் நின்றால் வீட்டிலேயே கறுக்கும் பெட்டி செய்த மாதிரி.

## சன்ஸ்கிறீன், நீளக்கை, குடை

பகட்டில்லாத வழி, ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இதைத்தான். தோல் மேற்படையைப் புதுப்பிக்க ஏறத்தாழ நான்கு கிழமை எடுக்கும். புது வெயில் படாமல் தடுத்தால் பழைய கறுப்பு மெல்ல உதிரும். மூன்று மாதம் இருந்தால் முகம் உட்கையின் நிறத்துக்குக் கிட்ட வரும்.

மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் இருக்கிறது. சித்திரை வருசப்பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். இங்கே முகில் மூடிய பகலிலும் யூவி கதிர் தோலில் விழும். எஸ்பிஎஃப் என்பது வெயில் சுடாமல் எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண். எஸ்பிஎஃப் 30 உள்ள சன்ஸ்கிறீன் சுடும் யூவிபி கதிரில் 97 வீதத்தையும், 50 உள்ளது 98 வீதத்தையும் தடுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான், 100 என்று போட்டதற்காக இரட்டிப்புக் காசு கொடுக்க வேண்டாம். யூவிஏ கதிரையும் தடுக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஒக்சைட் சேர்த்த, தோல் நிறத்தில் வரும் வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதையும் இந்த வகை கொஞ்சம் மறிக்கும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு அளவில்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், ஏறத்தாழ ஒரு கிராம். காலையும் மத்தியானமும் பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதத்துக்குக் காணாது. மூன்று மாதத்துக்கு நான்கு டியூப். பட்டாணி அளவு தொட்டுப் பூசிவிட்டு "வேலை செய்யல்ல" என்று வருகிறவர்கள்தான் அதிகம். இன்னுமொன்று, டியூப்பை ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கெட்டுவிடும். கட்டுபடியாகாதவர்களுக்கு நீளக்கைச் சட்டை, கையுறை, ஹெல்மெட்டின் கறுத்த கண்ணாடி, கறுப்புக் குடை போதும். துணி வியர்வையில் கரைவதில்லை. வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு டியூப்பை விடத் துணிதான் சரி.

## தோல் டொக்டர்

முழு முகத்தையும் வெளுக்க டொக்டரிடம் போகாதீர்கள், நல்ல டொக்டர் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். கன்னத்து மங்கு, பருத் தழும்பு, திடீரென வந்த படை என்றால் இதுதான் முதல் வழி. அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காசில்லை, வரிசையில் போகும் ஒரு நாள்தான் செலவு.

கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, வெல்வெற் துணி மாதிரித் தடித்திருந்தால் அது அழுக்குமில்லை, வெயிலுமில்லை. பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வரும் அடையாளம் அது. போய்ச் சீனி பார்க்க வேண்டும். உடம்பு எடை குறைந்தால் கழுத்தும் தெளியும்.

## ஒரு நாளைக்கு மட்டும்: மேக்கப்

ஒரே நாளுக்குத்தான் நிறம் வேண்டுமென்றால், இரவு கழுவினால் போய்விடும் வழியை ஏன் எல்லாரும் கடைசியில் வைக்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. பவுண்டேஷனைக் கழுத்து நிறத்துக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு படி வெள்ளையாகப் போட்டால் பிளாஷ் வெளிச்சத்தில் முகம் சாம்பலாகவும் கை வேறாகவும் விழும். அல்பத்தில் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும்.

## சுவிசிலிருந்து வந்த கேள்வி: சொலாரியம்

சொலாரியம், சன்பெட் எதுவென்றாலும் யூவி விளக்குகள் பூட்டிய, ஆள் படுக்கும் பெட்டிதான். வெள்ளைக்காரர் அதை விரும்பக் காரணங்கள் உண்டு. குளிர்காலத்தில் உடம்பு சூடேறும், யூவி பட்டால் தோலில் என்டோர்ஃபின் சுரந்து மனம் கொஞ்சம் இலேசாகும், நிறமும் வரும். அந்த நிறம் எப்படி வருகிறது என்பதில்தான் விசயம். யூவி, கலத்துக்குள் இருக்கும் டிஎன்ஏயைச் சேதப்படுத்துகிறது. மேலும் அடி விழாமல் தோல் பிடிக்கும் குடைதான் மெலனின். அடிவாங்கிய பிறகுதான் குடை விரிகிறது. விரிந்த குடையும் எஸ்பிஎஃப் கணக்கில் மூன்று நான்குக்கு மேல் போகாது. "விடுமுறைக்குப் போகமுதல் கொஞ்சம் கறுத்துக்கொண்டால் சுடாது" என்ற கதை அதோடு முடிந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009இல் இந்தப் பெட்டிகளைப் புகையிலை இருக்கும் முதலாம் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் சேர்த்தது. 35 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கு மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, போகாதவர்களை விட ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. பிரேசில் 2009இல் முழுதாகத் தடுத்தது. அவுஸ்திரேலியாவில் 2016க்குள் வியாபாரப் பெட்டிகள் மூடப்பட்டன. பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் 18 வயதுக்குட்பட்டவர்களை விட முடியாது.

எங்கள் நிறத்துக்கு அந்தப் புற்றுநோய் ஆபத்து வெள்ளைக்காரரை விடக் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பிள்ளை அங்கே போய்ப் பெறுவது என்ன? மங்கு கூடும், தோல் முன்கூட்டியே சுருங்கும். அவள் தேடிப்போகும் விற்றமின் டியும் ஒழுங்காகக் கிடைக்காது. விற்றமின் டியைத் தோல் செய்வது யூவிபி கதிரால், இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் வீசுவதோ யூவிஏ. கறுத்த தோலுக்கு அதே அளவு விற்றமினுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். மாத்திரையோ கையடக்கம். பிரித்தானியச் சுகாதார சேவை கறுத்த தோலுள்ளவர்கள் வருசம் முழுதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 அலகு எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. குறைவு என்று பரிசோதனை காட்டினால் அளவை டொக்டர் கூட்டுவார்.

யூவி விளக்கு நல்ல தெரிவாகும் இடமும் ஒன்றுண்டு. சொறியாசிஸ், வெண்படை போன்றவற்றுக்கு ஆஸ்பத்திரியில் 311 நானோமீற்றர் அளவிலான ஒடுக்கமான யூவிபி கதிரை, தோலைப் பரிசோதித்து, நொடிக் கணக்கில் அளந்து கொடுப்பார்கள். அதையும் கடைச் சொலாரியத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. கறுத்துத் தெரிய வேண்டும் என்பதே ஆசையென்றால், தோலின் செத்த மேற்படையை மட்டும் நிறமாக்கும் லோசன் இருக்கிறது. ஒரு கிழமையில் உதிர்ந்துவிடும், வெயிலை மட்டும் தடுக்காது. எங்கள் மேக்கப்புக்கு அவர்கள் பக்கத்துச் சோடி அது.

## ஒரே பார்வையில்

| வழி | எதைச் செய்கிறது | நிறுத்தினால் | யாருக்கு |
|---|---|---|---|
| பெயரில்லாக் கிறீம் | மெலனினைத் தடுக்கும், உடம்புக்குள்ளும் போகும் | எரிச்சல், கூடுதல் கறுப்பு | ஒருவருக்கும் வேண்டாம் |
| வெள்ளை ஊசி | சந்தேகமான, தற்காலிக மாற்றம் | நிறம் திரும்பும் | ஒருவருக்கும் வேண்டாம் |
| பிளீச் | முடியை வெளுக்கும் | முடி வளரும் | முன்பே செய்து பழகியவர்களுக்கு |
| சன்ஸ்கிறீன், துணி | வெயில் கறுப்பைக் குறைக்கும் | மெல்லத் திரும்பும் | இரண்டு மூன்று மாதம் கையில் உள்ளவர்களுக்கு |
| தோல் டொக்டர் | நோயைப் பார்ப்பார் | அவர் சொல்படி | மங்கு, தழும்பு, கழுத்துக் கறுப்பு |
| மேக்கப் | மேலே மூடும் | கழுவப் போகும் | ஒரு நாள் தேவைக்கு |
| சொலாரியம் | டிஎன்ஏயைச் சேதமாக்கிக் கறுக்க வைக்கும் | நிறம் போகும், சேதம் தங்கும் | ஒருவருக்கும் வேண்டாம் |

## ஏற்கெனவே பூசத் தொடங்கியிருந்தால்

டப்பாவை எறியாமல் அதோடு டொக்டரிடம் போங்கள். எத்தனை மாதம் பூசினீர்கள் என்பதை ஒளிக்காதீர்கள். நகை எச்சரிக்கை இருந்தால், அல்லது 'மெர்க்குரி', 'கலமெல்' என்று எங்காவது இருந்தால், அன்றே நிறுத்திவிட்டுப் போங்கள். சிறுநீர் பரிசோதனை கேட்பார்கள். ஸ்டீரொயிட் என்றால் எப்படி நிறுத்துவது என்பதை டொக்டர் சொல்லுவார், தாமாகத் திடீரென விட்டால்தான் முகம் பற்றி எரிகிறது. வீட்டில் குழந்தை இருந்தால் துவாயையும் தலையணை உறையையும் வேறாக்குங்கள்.

அந்தப் பிள்ளை ஒரு டியூப் வாங்கினாள். போகும்போது, "அப்ப இத வளவுக்குள்ள குப்பையோட எரிக்கவா அன்ரி?" என்று டப்பாவைக் காட்டினாள். பாதரசம் சூட்டில் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். எரிக்கவும் வேண்டாம், கிணற்றடியில் கழுவவும் வேண்டாம் என்றேன். இரண்டு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, டொக்டர் பார்க்கும்வரை பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன்.